கழற்றி மாற்றும் கண்



கொல்கத்தா மாநகரின் நடுவே, மைதானத்தை ஊடறுத்துக்கொண்டு, ரெட் ரோடு என்னும் அகன்ற சாலை நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்கிறது. இந்திரா காந்தி சரணி என்பது அதன் இன்றைய பெயர். குடியரசு தின அணிவகுப்பு நடைபெறுவது அங்கேதான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அந்தச் சாலை விமான ஓடுபாதையாகப் பயன்பட்டது. ஹரிக்கேன் ரகப் போர் விமானங்கள் அதிலிருந்து கிளம்பி, அதிலேயே வந்து இறங்கின. நகரத்தின் இருதயத்தில் காவல் விமானங்கள் நின்றிருந்தும், 1942ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி இரவு ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசிச் சென்றன. அடுத்தடுத்த இரவுகளிலும் வந்தன. லட்சக்கணக்கான மக்கள் நகரை விட்டு வெளியேறினர். ஹௌரா நிலையம் ஜனத்திரளால் நிறைந்தது.

ஹரிக்கேன் விமானிகளிடம் வீரத்துக்குக் குறைவில்லை. குறைவாக இருந்தது பார்வை. விளக்குகள் அணைக்கப்பட்ட நகரத்தின் மேலே, இருண்ட வானத்தில், விளக்கின்றிப் பறக்கும் இன்னொரு விமானத்தை மனிதக் கண்ணால் தேடுவதென்பது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதினும் கடினம். வைக்கோற்போராவது ஓரிடத்தில் நிற்கும்.

1943 ஜனவரி மத்தியில் டம்டம் விமான தளத்தில் 176ஆம் ஸ்குவாட்ரன் என்ற பெயரில் ஒரு சிறு படை அமைந்தது. எகிப்திலிருந்து வரவழைக்கப்பட்ட பியூஃபைட்டர் ரக விமானங்கள் சிலவே அதன் பலம். அவற்றில் ரேடார் இருந்தது. ஜனவரி 15ஆம் தேதி இரவு பிரிங் என்னும் விமானி, ஒரே பறப்பில் மூன்று குண்டு வீச்சு விமானங்களை வீழ்த்தினார். நான்கு நாட்களுக்குப் பின் கிராம்பி என்ற ஆஸ்திரேலிய விமானி, தம் விமானத்தின் எஞ்சினில் தீப்பற்றிய பிறகும் போரை விடாமல், இரண்டு விமானங்களை வீழ்த்தினார். அதன்பின் ஜப்பானியரின் இரவுத் தாக்குதல்கள் நெடுங்காலம் நின்றுபோயின. நகரம் மெல்ல மூச்சு விட்டது.

இரண்டு மூன்று இரவுகளில் இத்தகைய மாற்றத்தை உண்டாக்கிய அந்தச் சாதனம் எவ்வாறு வேலை செய்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்கும் சிறுவனின் விளையாட்டே ரேடாரின் தத்துவம். குரலுக்குப் பதிலாக ரேடியோ அலைத் துடிப்பு. அது நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. போய்த் திரும்ப ஆகும் காலம் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால், பொருள் 150 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது கணக்கு. பியூஃபைட்டர் விமானங்களில் முதலில் இடம்பெற்ற ரேடாரின் அலைநீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். பின் ஆசனத்தில் அமர்ந்த நோக்கர் ஒருவர் இரண்டு சிறு கண்ணாடித் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒளிக்கோட்டில் ஒரு சிறு முடிச்சுத் தோன்றும். அது இடப்புறம் தடித்தால் எதிரி இடப்பக்கம். மற்றத் திரையில் மேற்புறம் தடித்தால் எதிரி நமக்கு மேலே. அதைப் பார்த்து அவர் விமானிக்கு வழி சொல்லுவார். கடைசிச் சில நூறு அடிகளை மட்டும் விமானி தம் கண்ணால் கடக்கவேண்டும்.

இந்தக் கருவிக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. ஒன்றரை மீட்டர் அலையைக் குறுகிய கற்றையாகக் குவிக்கவேண்டுமானால் மிகப் பெரிய ஆன்டெனா தேவை. அது விமானத்தின் மூக்கில் அடங்காது. ஆகையால் அலை நாற்புறமும் பரவி, கீழே தரையிலும் பட்டுத் திரும்பியது. விமானம் பதினையாயிரம் அடி உயரத்தில் பறந்தால், பதினையாயிரம் அடிக்கு அப்பால் உள்ள எதையும் தரையின் எதிரொலி மூழ்கடித்துவிடும். உயரம் குறையக் குறையப் பார்வையும் குறையும். எதிரியின் அருகே வரைக்கும் விமானத்தைக் கொண்டுபோய் விடுவதற்குத் தரையில் வேறொரு ரேடார் நிலையம் வேண்டியிருந்தது.

அலையைச் சிறிதாக்குவதே இதற்குப் பரிகாரம். இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பியூஃபைட்டர் வருவதற்கு ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் முன்னரே, இதே நகரத்தின் டவுன் ஹாலில், 1895ஆம் ஆண்டு ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, அப்பால் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். அவர் ஆராய்ந்த அலைகள் இரண்டரை சென்டிமீட்டரிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை சிறியவை. இன்றையப் போர் விமான ரேடார்களின் அலைநீளம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் என்றால், அந்தப் பேராசிரியர் எந்த வாயிலைத் தட்டினார் என்பது விளங்கும். மாநிலக் கல்லூரியில் அவருக்கு வசதியான ஆய்வுக்கூடம் இல்லை. உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கி, அவர் கைகொண்டே கருவிகளைச் செய்துகொண்டார். செய்தவர்களே பிரித்தார்கள், பிரித்தவர்களே பழுது பார்த்தார்கள். இந்தத் தகரக் கொல்லரைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940ஆம் ஆண்டில் பர்மிங்காம் சர்வகலாசாலையில் ராண்டால், பூட் என்னும் இருவர் மாக்னட்ரான் என்ற குழலைச் செய்து, பத்து சென்டிமீட்டர் அளவில் வலிமை மிக்க அலைகளைப் பிறப்பித்தனர். அதன்பின் ரேடார் விமானத்தின் மூக்குக்குள் அடங்கிற்று. ஆனால் அதைச் சீராக வைத்திருப்பதுதான் பெரும்பாடாயிற்று. அக்காலத்து ரேடார், வால்வுகளும் கம்பிச் சுருள்களும் உயர் மின்னழுத்தக் கேபிள்களும் நெருங்கிய ஒரு காடு. வங்காளத்தின் மழைக்காலத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பெட்டியிலுள்ள பட்டுப்புடவையில் பூஞ்சை பூக்கும் இந்தச் சீமையில், மின்காப்புப் பொருள்களிலும் அது பூத்தது. ஒரு வால்வு மங்கினால் எது மங்கிற்று என்று தேட வேண்டும். விமானத்தின் வயிற்றுக்குள் தலையை நுழைத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் தேட வேண்டும். அதுவரை அந்த விமானம் குருடு. அன்றிரவு எதிரி வந்தால் அது பறந்து பயனில்லை.

இந்தத் தொல்லைக்குப் பொறியாளர்கள் கண்ட விடை எளிமையானது. கருவியைப் பல பெட்டிகளாகப் பிரித்துவிடுவது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனி வேலை கொடுப்பது. பெட்டியைத் தட்டில் செருகிப் பூட்டினால் மின் இணைப்பும் தானே சேரும்படி செய்வது. பழுது ஏற்பட்டால் விமானத்தின் அருகே நின்று எதையும் ஆராய வேண்டாம். பெட்டியை இழு, வேறொன்றைச் செருகு, விமானத்தை அனுப்பு. ஆங்கிலத்தில் இதற்கு லைன் ரிப்ளேஸபிள் யூனிட் என்று பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வரிசை மாற்று அலகு' என்றாகும். ரேஷன் கடைதான் நினைவுக்கு வரும். இங்கே லைன் என்பது விமானங்கள் புறப்படத் தயாராக நிற்கும் களம். ஆகவே 'களத்தில் மாற்றும் பெட்டி' என்றால் பொருள் நிற்கும்.

அமெரிக்காவின் எஃப்-16 விமானத்தில் முதலில் வைத்த ரேடார் இதற்கு நல்ல உதாரணம். ஆன்டெனா, ஒலிபரப்பி, குறைந்த சக்தி ரேடியோப் பகுதி, சமிக்ஞைகளைப் பகுக்கும் பெட்டி, கணிப்பொறி, விமானியின் கட்டுப்பாட்டுப் பலகை என்று ஆறே பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த மின்வழங்கி உண்டு; ஒன்றின் நோய் மற்றொன்றைத் தொற்றுவது இதனால் குறைந்தது. ரேடார் தன்னைத் தானே சோதித்து, இன்ன பெட்டியில் கோளாறு என்று விமானிக்கு அறிவிக்கும். பெட்டிகள் தம்முள் பேசிக்கொள்ள, முறுக்கிய இரட்டைக் கம்பி ஒன்றே பொதுப் பாதையாக ஓடும் முறையும் வந்தது. நொடிக்குப் பத்து லட்சம் துணுக்குச் செய்திகள் அதில் செல்லும். பெட்டிக்குப் பெட்டி தனிக் கம்பி இழுத்த காலம் போயிற்று. எந்த நாட்டுப் பெட்டியானாலும் அந்தப் பாதையின் மொழியைப் பேசினால் போதும் என்ற நிலை உண்டாயிற்று. நமது சுகோய்-30 எம்.கே.ஐ. விமானத்தில் ருஷ்ய ரேடாரும், பிரெஞ்சு, இஸ்ரேலியக் கருவிகளும், இந்தியாவில் உருவாக்கிய கணிப்பொறியும் ஒரு குடும்பமாக வாழ்வதற்கு இத்தகைய பொது மொழியே காரணம்.

கழற்றிய பெட்டி எங்கே போகிறது? தளத்திலுள்ள பட்டறைக்கு. அங்கே பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் அட்டைகளில் பழுதானதை மட்டும் மாற்றுவார்கள். பழுதான அட்டை இன்னும் பின்னே, பெரிய தொழிற்சாலைக்குப் போகும். மூன்று படிகள். முதல் படியில் வேகம் வேண்டும்; மூன்றாம் படியில் ஞானம் வேண்டும். முதல் படி ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கிறது. மூன்றாம் படி எந்த நாட்டில் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதற்குமுன் ஒரு சிறு தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். கழற்றி அனுப்பும் பெட்டிகளில் பல, பட்டறையின் மேசையில் வைத்துச் சோதித்தால் பழுதே இல்லாதவையாக இருக்கின்றன. இராணுவ விமானங்களிலும் பிரயாணி விமானங்களிலும் இது உலகறிந்த வழக்கம். மேலே குளிரிலும் அதிர்விலும் தோன்றிய கோளாறு, கீழே அமைதியான அறையில் தோன்றுவதில்லை. அல்லது குற்றம் பெட்டியில் இல்லாமல், அது செருகப்பட்ட தட்டின் ஒரு வளைந்த ஊசியில் இருக்கும். அவசரத்தில் பெட்டியை மாற்றுகிறவர் பெட்டியைத்தான் குற்றவாளியாக்குவார். நிரபராதியான பெட்டி ஊர் சுற்றித் திரும்பும். ஊசியோ அப்படியே இருக்கும். பெட்டியோடு செல்லும் சீட்டில் கோளாறு எந்த உயரத்தில், எந்தத் திருப்பத்தில் தோன்றியது என்று விமானி எழுதுகிற இரண்டு வரிக்கு எத்தனை மதிப்பு என்று பாருங்கள். எழுத்து வேலையை அற்பமாக எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனி மூன்றாம் படிக்கு வருவோம். 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது, உதிரிப் பாகங்கள் எங்கிருந்து வரும் என்பதே நமது விமானப் படையின் பெருங்கவலையாக இருந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுச் சோதனை நடந்தபின் அமெரிக்கா தடை விதித்தது. கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பிரிட்டனில் செய்தவைதாம். ஆயினும் உள்ளே அமெரிக்கப் பாகங்கள் இருந்தமையால் உதிரிகள் நின்றுபோயின. பல ஹெலிகாப்டர்கள் முடங்கின. தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்புக்காக அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துடன் நடந்துவந்த கூட்டு வேலையும் அப்பொழுது அறுந்தது. மீதி வேலையை நம்மவர்கள் இங்கேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4ஆம் தேதி தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது.

ஆக, கழற்றி மாற்றும் பெட்டி ஓடுபாதையில் நமக்குச் சுதந்திரம் தருகிறது. அதே வேளையில், பெட்டியின் மூடியை மூடியவனிடம் நம்மைக் கட்டியும் வைக்கிறது. வால்வு யுகத்தில், சாமர்த்தியமான ஒரு மெக்கானிக், சூடான இரும்பும் ஈயமும் கொண்டு கருவியை ஒருவாறு ஒப்பேற்றிவிடுவார். முத்திரையிட்ட பெட்டியின் முன்னே அவர் என்ன செய்வார்? பெட்டிகள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. இரவில் எதிரி வரும்போது ஐந்து நிமிஷத்தில் பெட்டியை மாற்றத்தான் வேண்டும். மறுநாள் காலையில் அதைத் திறக்கும் உரிமையும் அறிவும் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதே பேச்சு. விமானம் வாங்கும்போது விலையைப் பற்றி எழும் விவாதத்தில் பாதியாவது, மூடியைத் திறக்கும் உரிமையைப் பற்றி எழலாகாதா?

இந்தத் திசையில் நடக்கும் முயற்சிகள் சிறியவை அல்ல. சுகோயின் ரேடார் ஐதராபாத்திலுள்ள இந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுத் தயாராகியிருக்கிறது. கோவையை அடுத்த சூலூரில் 2020 மே 27 அன்று 18ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களைப் பெற்றது. தேஜஸின் முதல் வகையில் இஸ்ரேல் நாட்டு ரேடார் இடம்பெற்றது. அதன் இடத்தில் வைப்பதற்கென 'உத்தம்' என்னும் ரேடாரைப் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்று உருவாக்கி, விமானத்தில் ஏற்றிப் பறந்து சோதித்திருக்கிறது.

உத்தமும் அதன் தலைமுறையைச் சேர்ந்த ரேடார்களும் பெட்டித் தத்துவத்தை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோய்விட்டன. பழைய ரேடாருக்கு ஒரே ஒலிபரப்பி. அது நின்றால் யாவும் நின்றது. புதியதில் ஆன்டெனாவின் முகமே நூற்றுக்கணக்கான சிறு அணுக்களால் ஆனது. ஒவ்வொன்றும் தானே அலையை அனுப்பும், தானே வாங்கும். பத்துப் பன்னிரண்டு அணுக்கள் செத்தாலும் ரேடார் சற்று மங்குமேயன்றிக் குருடாவதில்லை. முகத்தைத் திருப்பும் யந்திரமும் இல்லை. அணுக்களின் தாளத்தை மாற்றினாலே கற்றை திரும்பிவிடும்.

இதே மேற்கு வங்காளத்தில், பூட்டான் எல்லைக்கு அருகே, ஆசிமாரா விமான தளத்தில் 2021 ஜூலை முதல் ரஃபேல் விமானங்கள் நிற்கின்றன. அவற்றின் மூக்கிலும் இத்தகைய பிரெஞ்சு ரேடார் இருக்கிறது. டூவார்ஸ் பிரதேசத்து மழை பிரசித்தமானது. அந்த மழையிலும் ஓர் இளைஞர் களத்தில் நின்று பெட்டியைக் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் ஆன்டெனா முகத்திலுள்ள அணுக்களைச் செய்வதும் செப்பனிடுவதும் தூசு புகாத அறையில், அலையின் இயல்பை ஆழக் கற்றவர்களின் வேலை. அத்தகையவர்களை உருவாக்குவதற்காகவே சிசிர் குமார் மித்ரா 1949இல் கல்கத்தா சர்வகலாசாலையில் ரேடியோ பௌதிகத்துக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் ஒரு தனிக் கழகம் நிறுவினார். ஆசாரிய பிரபுல்ல சந்திர சாலையில் அது இன்றும் இயங்குகிறது. போஸின் கருவிகளைக் காத்துவரும் போஸ் ஆராய்ச்சி நிலையமும் அதே சாலையில்தான் இருக்கிறது. தகரக் கொல்லரின் கைவேலையைக் காண விரும்புவோர் அங்கே சென்று பார்க்கலாம்.