கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன்



நம்மில் பலர் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டப் படிப்பில் சேர்த்திருக்கிறோம். இரண்டாம் வருஷத்தில் பிள்ளை வந்து, "சைபர் பாதுகாப்புக்குத் தனிக் கோர்ஸ் இருக்கிறது, பணம் கட்டுங்கள்" என்கிறது. கடன் வாங்குமுன் ஒரு விஷயம் கேளுங்கள்.

1988 நவம்பர் 2-ம் தேதி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் சிறிய புரோகிராம் ஒன்றை வலைப்பின்னலில் விட்டார். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் முடங்கின. எப்படி? அது பல வழிகளில் நுழைந்தது; ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆள் பெயரை வாங்கி விவரம் சொல்லும் ஓரிடத்தில் 512 எழுத்துக்கே இடம். வருவதை அளந்து பார்க்கும் ஏற்பாடு இல்லை. மாரிஸின் புரோகிராம் 536 எழுத்தை அனுப்பிற்று. நிறைந்த படியில் மேலும் இரண்டு பிடி நெல் கொட்டினால் வழியத்தானே செய்யும்? வழிந்தது பக்கத்து இடத்தில் விழுந்து, கம்ப்யூட்டருக்கே உத்தரவாகி விட்டது!

இதைப் புரிந்துகொள்ள சி மொழியும், ஆபரேடிங் சிஸ்டமும், நெட்வொர்க்கும் தெரிய வேண்டும். இவை பட்டப் படிப்பிலேயே உள்ள பாடங்கள். கட்டிய சம்பளத்தில் அடக்கம். பிள்ளைகள் தட்டிக் கழிப்பதும் இவற்றைத்தான்! பழகுவதற்கு லினக்ஸ், வயர்ஷார்க் இரண்டும் இலவசம்.

சொந்தக் கம்ப்யூட்டரில் பழகட்டும். பிறர் கம்ப்யூட்டரில் அனுமதியின்றிக் கபடமாக நுழைந்தால், 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ம் பிரிவுப்படி 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாரிஸ் 10,050 டாலர் அபராதம் கட்டினார், பிற்பாடு எம்.ஐ.டி.யில் பேராசிரியரும் ஆனார். கூலிக்காரன் பிள்ளைக்கும் அப்படி நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

பணம் கேட்கும் பிள்ளையிடம், நெட்வொர்க் பாடத்தில் எத்தனை மார்க் என்று முதலில் கேளுங்கள்.