கட்டடக் காட்சிப் படமும் கருவித் தேர்வும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளிவிழா நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, நம் இளைஞர்களுக்குக் கணிப்பொறியில் கட்டடக் காட்சிப் படம் ஆக்கும் பயிற்சியைத் தொடங்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்தவுடன் பிறந்த முதற்கேள்வி, “எந்த மென்பொருளை வாங்குவது?” என்பதாகும். ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார்; மற்றொருவர் மற்றொரு பெயரைச் சொன்னார். முடிவு காணாமல் கூட்டம் கலைந்தது. அக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம். நாம் கட்டடக் கலைஞர் அல்லோம்; ஆயினும் நம்மிடம் பயின்று சென்ற மாணவர் பலர் இத்துறையில் இருக்கின்றனர். அவர்களோடு இரவுப் பள்ளியில் அமர்ந்து கேட்டும், கண்டும், கணக்கிட்டும் அறிந்தவற்றையே இங்கு வைக்கின்றோம்.

இது வெறும் கருவி வாங்கும் விவகாரம் அன்று. நம் முன்னோர் செங்கல் சுமந்தனர், சுண்ணாம்பு அரைத்தனர், சாரம் ஏறினர். ஊரில் எழுந்த மாளிகைகளில் அவர்தம் வியர்வை இருந்தது. ஆனால் அம்மாளிகைகளின் பிளான் காகிதம் அவர்தம் கைக்கு வந்ததில்லை. கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்று எண்ணும் உரிமை வேறொருவருடையதாக இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்னும் இல்லத்தை எழுப்பியபோது, தம் நூல்களுக்குத் தக்க இடம் வேண்டும் என்பதையே முதன்மையாகக் கருதினார். தனக்கு வேண்டிய கட்டடத்தைத் தானே எண்ணிப் பார்ப்பதும் ஒரு விடுதலையே அன்றோ? இன்று நம் பிள்ளைகள் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கின்றனர், ஐ.டி.ஐ.யில் வரைவாளர் பயிற்சி பெறுகின்றனர். காகிதம் கைக்கு வந்துவிட்டது. அடுத்த படி, காகிதத்தில் உள்ளதைக் கண்முன் காட்டும் கலை.

அந்தப் படியில் நம் பிள்ளைகள் எங்கே இடறுகின்றனர் என்பதற்கு ஒன்று சொல்லுவோம். நம் மாணவன் ஒருவன், தாயின் நகையை அடகு வைத்து ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். ஆறு மாதத்தில் நான்கு மென்பொருள்களின் பெயர்கள் அடங்கிய சான்றிதழைப் பெற்றான். வேலைக்குச் சென்ற இடத்தில் ஒரு படத்தைக் காட்டி, “இந்த அறையின் மூலை ஏன் இருண்டிருக்கிறது? இதைச் சரிசெய்ய என்ன செய்வாய்?” என்று கேட்டனர். அவனுக்கு எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஒளி எப்படிச் செல்லும் என்பது தெரிந்திருக்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. நகை மீள ஈராண்டு ஆயிற்று. இக்கதை மீண்டும் நிகழலாகாது என்பதே நம் கவலை.

ரெண்டரிங் என்பது என்ன? கணிப்பொறியில் அமைத்த கட்டட உருவத்தின்மேல் ஒளி எங்கிருந்து வந்து, எதில் பட்டு, எங்கே சிதறிக் கண்ணை அடைகிறது என்பதைக் கணக்கிட்டுப் படமாக்குவதே ரெண்டரிங். 1980 ஆம் ஆண்டில் டர்னர் விட்டட் என்பார், கண்ணிலிருந்து கதிர்களைச் செலுத்திப் பளபளப்பையும் நிழலையும் கணக்கிடும் முறையை வெளியிட்டார். 1986 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கஜியா என்பார், ஒளியின் இப்போக்கு முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். இன்று சந்தையில் உள்ள மென்பொருள்கள் பலவும் அச்சமன்பாட்டின் பிள்ளைகளே. ஆகவே ஒளியின் விதியில் வேறுபாடில்லை. வேகத்திலும், வேண்டும் பொறியிலும், உரிமத்திலுமே வேறுபாடு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் விளம்பரத்தைக் கண்டு மயங்கமாட்டோம்.

இம்மென்பொருள்களை இரு குடும்பங்களாகப் பிரிக்கலாம். வி-ரே, கொரோனா, பிளெண்டரில் உள்ள சைக்கிள்ஸ் ஆகியவை முதற்குடும்பம். இவை ஒவ்வொரு புள்ளிக்கும் பல கதிர்களை அனுப்பிப் பொறுமையாகக் கணக்கிடும். கதிர் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். அம்மணலைப் பாதியாகக் குறைக்கக் கதிர்களை நான்கு மடங்காக்கவேண்டும் என்பது கணித விதி. மணலைத் துடைக்கும் துணைக்கருவிகள் இன்று வந்துள்ளமையால் இச்சுமை பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் விதி மாறவில்லை. லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன், டி5, பிளெண்டரில் உள்ள ஈவீ ஆகியவை இரண்டாம் குடும்பம். இவை உடனுக்குடன் படம் காட்டும். அதற்காகக் கணக்கில் சில குறுக்குவழிகளைக் கொள்ளும். கண்ணாடியும் மறைமுக ஒளியும் மிகுந்த அறைகளில் அக்குறுக்குவழி சிலபோது வெளிப்பட்டுவிடும்.

எனவே முதற்கேள்வி, “பணி எது?” என்பதாகும். ஒரு வீட்டின் முகப்பை ஒரே படமாகக் கேட்டால், ஒரு படத்திற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் தாழ்வில்லை. அதே வீட்டைச் சுற்றிவரும் முப்பது நொடி அசைபடம் கேட்டால் கணக்கு வேறு. நொடிக்கு 25 படம் வீதம் 750 படங்கள் வேண்டும். படம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 7,500 நிமிடம். அதாவது 125 மணி. ஐந்து நாளும் ஐந்து மணியும். ஒரே பொறியை வைத்திருக்கும் நம் இளைஞன் அதுவரை வேறு பணி செய்ய இயலாது. இடையில் மின்சாரம் தடைப்பட்டால் அதற்கும் அவனே பொறுப்பு. அவ்விடத்தில் இரண்டாம் குடும்பமே உதவும். இன்ன பணி என்று அறியாமல் இன்ன மென்பொருள் சிறந்தது என்பது, பயணம் எங்கே என்று கேளாமல் வண்டியைப் புகழ்வது போலாகும்.

இரண்டாம் கேள்வி, “பொறி எது?” என்பது. கொரோனா, கணிப்பொறியின் பிராசசரைக் கொண்டே இயங்குவது. வி-ரேயும் சைக்கிள்ஸும் பிராசசரிலும் இயங்கும். கிராபிக்ஸ் கார்டிலும் இயங்கும். இரண்டாம் குடும்பத்திற்கோ நல்ல கிராபிக்ஸ் கார்டு இன்றியமையாதது. அதிலும் அக்கார்டின் நினைவகம் எவ்வளவு என்று பார்த்தே வாங்கவேண்டும். செங்கல், மரம், தரை ஓடு ஆகியவற்றின் தோற்றத்திற்கு நாம் ஒட்டும் படம் ஒன்று 4,096 புள்ளி நீளமும் அதே அகலமும் உடையதாயின், அது மட்டும் 64 மெகாபைட் இடம் கொள்ளும். ஐம்பது படங்கள் சேர்ந்தால் 3,200 மெகாபைட். நான்கு ஜிகாபைட் கார்டின் பெரும்பகுதி அதிலேயே நிரம்பிவிடும். பிறகு பணி தளரும், அல்லது நின்றுபோகும். ஆகவே மென்பொருளுக்குச் செலவிட எண்ணும் பணத்தை முதலில் பொறிக்குச் செலவிடுதல் அறிவுடைமை.

மூன்றாம் கேள்வி, “உரிமம் எது?” என்பது. நமக்கு இதுவே தலையாய கேள்வி. பெரும்பாலான வணிக மென்பொருள்கள் இன்று ஆண்டுக் கட்டணத்திற்கே கிடைக்கின்றன. இது குடிக்கூலி போன்றது. கட்டணம் நின்ற நாளில் கதவு சாத்தப்படும். அதற்கு அஞ்சிச் சிலர் திருட்டுப் பிரதியை நாடுகின்றனர். இளைஞர்களே, வெளிப்படையாகவே சொல்லுகின்றோம்: அது வேண்டா. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், திருட்டுப் பிரதி என்று அறிந்தே கணிப்பொறி நிரலைப் பயன்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கின்றது. வழக்கு வந்தால் பெரிய அலுவலகத்தார்க்கு வழக்கறிஞர் உண்டு. நம் பிள்ளைக்கு யார் உண்டு? தலைமுறைகள் பாடுபட்டு ஈட்டிய நற்பெயரை ஒரு திருட்டுக் கோப்புக்காக இழத்தல் தகாது.

வேறு வழி இல்லையோ எனின், உண்டு. பிளெண்டர் என்னும் மென்பொருளின் வரலாற்றை நீங்கள் அறிதல் நலம். நெதர்லாந்து நாட்டின் டான் ரோசெண்டால் என்பார் உருவாக்கியது அது. அதை விற்றுவந்த நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் நொடித்தது. மென்பொருளை மீட்க ஒரு இலட்சம் யூரோ தேவைப்பட்டது. பயன்படுத்துவோர் உலகெங்குமிருந்து தம்மால் இயன்றதை அளித்தனர். ஏழு வாரத்தில் அத்தொகை திரண்டது. அவ்வாண்டு அக்டோபர் 13 ஆம் நாள் அதன் மூலநிரல் அனைவர்க்கும் உரியதாக வெளியிடப்பட்டது. அதைப் பயன்படுத்தக் கட்டணமில்லை. அதில் ஆக்கிய படத்தை விற்கத் தடையில்லை. அதை எவரும் நம்மிடமிருந்து பறிக்க இயலாது. சிறு சந்தாக்களைத் திரட்டி இருபத்தைந்தாண்டு நடந்துவந்த நம் சங்கத்திற்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 2011 ஆம் ஆண்டில் சைக்கிள்ஸும், 2019 ஆம் ஆண்டில் ஈவீயும் அதில் இணைந்தன. ஆகவே நாம் சொன்ன இரு குடும்பங்களும் அந்த ஒரே கூரையின்கீழ் உள்ளன.

“அலுவலகங்களில் வி-ரே தெரியுமா, என்ஸ்கேப் தெரியுமா என்றுதானே கேட்கின்றனர்?” என்று ஒரு தம்பி வினவினார். நேர்மையான வினா. அதுவே நம் நான்காம் கேள்வி: “படம் யாரிடம் போகிறது?” ஸ்கெட்ச்அப், ரெவிட் ஆகியவற்றில் வரையும் அலுவலகம் என்ஸ்கேப்பை விரும்பலாம், த்ரீ-டி-எஸ் மாக்ஸில் பணிபுரியும் அலுவலகம் வி-ரேயையோ கொரோனாவையோ விரும்பலாம். அங்கே சேர விரும்புவோர் அதைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் எப்போது கற்பது? கேமராவின் கோணம், சூரியனின் நிலை, பொருளின் வழவழப்பு, மறைமுக ஒளி ஆகியவற்றை ஒரு கருவியில் நன்றாகக் கற்றவன், அடுத்த கருவியில் அவற்றின் பெயர்களை மட்டுமே கற்கவேண்டியிருக்கும். அதற்குச் சோதனைக்காலப் பிரதியும் மாணவர் உரிமமும் பெரிதும் உதவும். மாணவர் உரிமத்தில் ஆக்கியதை விற்கலாகாது என்ற நிபந்தனையைப் படித்துப் பார்த்துக்கொள்க. வருவாய் வரத் தொடங்கியபின் அவ்வருவாயிலிருந்து உரிமம் வாங்குக; தாயின் நகையிலிருந்து வாங்காதீர்.

கருவிகளை ஒப்பிடும் முறையையும் சொல்லிவிடுகின்றோம். விளம்பரத்தில் வரும் கடற்கரை மாளிகைகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் இரவுப் பள்ளி அறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: சுண்ணாம்புச் சுவர், ஒரே சன்னல், சிமெண்டுத் தரை, ஒரு குழல்விளக்கு. நாடா வைத்து அளந்து அதே அறையை ஒவ்வொரு மென்பொருளிலும் அமையுங்கள். ஆன நேரம், கொண்ட நினைவகம், கற்க ஆன நாள், படத்தின் உண்மை ஆகிய நான்கையும் நோட்டில் குறியுங்கள். பிறகு படத்தையும் அறையையும் மாறிமாறிப் பாருங்கள். மூலையின் இருளைக் கண்ணால் கண்டவனுக்கு அதன் காரணம் தானே விளங்கும்.

மேலும், ஊரின் அட்சரேகையையும் நாளையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியனைச் சரியான இடத்தில் நிறுத்தும் வசதி உண்டா என்று பாருங்கள். சூன் 21 ஆம் நாள் நண்பகலில் சென்னைக்குச் சூரியன் தலைக்கு நேரே இல்லை. சுமார் பத்துப் பாகை வடக்கே சாய்ந்திருக்கும். தெற்கிலிருந்தே வெயில் வரும் என்று கொள்ளும் ஐரோப்பிய மாதிரிப் படத்தை அப்படியே எடுத்தாண்டால் நிழல் தவறான பக்கம் விழும். அகன்ற கோணத்தால் பத்தடி அறையைப் பதினைந்தடியாகக் காட்டுவதும் தவறே. படம் என்பது வீடு கட்டுவோர்க்கு நாம் கொடுக்கும் வாக்கு. குருவி சேர்ப்பதுபோல் பணம் சேர்த்தவர் அவ்வாக்கை நம்பியே அடித்தளம் தோண்டுகிறார்.

முடிவாகச் செயற்குழுவுக்கு நம் பரிந்துரை இதுவே. முதலாண்டில் எந்த மென்பொருளுக்கும் ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டா. நிதியை நல்ல கிராபிக்ஸ் கார்டுள்ள பொறிகளுக்கும், மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் செலவிடுக. பயிற்சியைப் பிளெண்டரில் தொடங்குக. அசைபடப் பணிக்கு ட்வின்மோஷனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டாலருக்குக் குறைந்தோர்க்கு அது கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அந்த வரம்பை நம் பிள்ளைகள் என்றேனும் தாண்டுவாராயின், அன்று மகிழ்ந்து கட்டுவோம்! பயிற்சி இடங்களில் சரிபாதி நம் பெண்மக்களுக்கு உரியதாகுக. முதற்பணியாக, நாம் நெடுநாளாகக் கனவு காணும் படிப்பகத்தின் படத்தை நம் பிள்ளைகளே ஆக்கி, அடுத்த பொதுக்குழுவில் சுவரில் மாட்டுக.

நம் பாட்டன் சுமந்த செங்கல்லைப் பேரன் ஒளியோடும் நிழலோடும் வரையப் போகிறான். அவன் கையில் கடன் இல்லாத கருவி இருக்கட்டும். மனத்தில் ஒளியின் விதி இருக்கட்டும்.