பவளப்பாறை மீண்டு எழ எத்தனை காலம் வேண்டும்?

பவளப்பாறையைக் கட்டுவது பாலிப் என்னும் மிகச் சிறிய விலங்கு. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தன் அடியில் கூடு கட்டி, அதிலேயே அமர்ந்து வாழ்கிறது. இத்தகைய கூடுகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து பாறையாகின்றன. பாலிப்பின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை ஆக்கும் உணவில் பெரும்பங்கு பாலிப்புக்குப் போகிறது. பவளத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியினுடையதே.

உலகக் கடலடித் தரையில் பவளப்பாறைகள் பிடித்திருக்கும் இடம் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கடல்வாழ் உயிரின வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவற்றை அண்டியே வாழ்கிறது.

கோடையில் வழக்கமாக எட்டும் உச்ச வெப்பத்தைவிட நீர் 1 டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும், இந்தக் கூட்டுவாழ்வு குலைகிறது. பாலிப் தன்னுள் இருக்கும் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடிபோல் தெளிந்த சதையின் ஊடே வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறார்கள். வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. பட்டினி கிடக்கும் பவளம். நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் குடியேறும். வெப்பம் நீடித்தால் பாலிப் மடியும். அதன் கூட்டின்மேல் வேறு பாசிகள் படரும்.

அப்படி மடிந்த பாறை திரும்பி வருமா? ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் நடுக்கடலில் கிடக்கும் ஸ்காட் பவளத்திட்டு இதற்கு ஊக்கம் தரும் விடை சொல்கிறது. 1998-இன் கடும் வெப்பத்தில் அங்கிருந்த உயிர்ப்பவளத்தில் பெரும்பகுதி அழிந்தது. பக்கத்தில் வேறு திட்டு இல்லாததால் வெளியிலிருந்து இளம் உயிரிகள் மிதந்துவரவும் வழியில்லை. முதல் சில ஆண்டுகள் வளர்ச்சி மந்தமாகவே இருந்தது. பிறகு, தப்பிப் பிழைத்த கூட்டங்கள் பெரிதாகி, அவற்றின் குஞ்சுகளே பாறையில் ஒட்டத் தொடங்கின. ஏறத்தாழ 12 ஆண்டுகளில் திட்டு பழைய நிலையை நெருங்கியது. ஆற்று வண்டலோ கழிவுநீரோ கலக்காத தெளிந்த நீரும், பாசி மேயும் மீன்கள் குறையாமல் இருந்ததும் அதற்குக் கைகொடுத்தன.

ஜமைக்காவின் கதை நேர் எதிரானது. அங்கே பாசி தின்னும் மீன்கள் நெடுங்காலமாக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்தன. அந்த வேலையைக் கடல் முள்ளெலிகள் மட்டுமே செய்துவந்தன. 1980-இல் ஆலன் புயல் பவளத்தை நொறுக்கியது. அது தேறுவதற்குள், 1983-இல் ஒரு நோய் முள்ளெலிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. மேய்வதற்கு ஆளில்லாத பாறையைப் பாசி மூடியது. பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள வெற்றுப் பாறை வேண்டும், அது கிடைக்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் பாதிக்கு மேல் இருந்த பவளப் பரப்பு, 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. புயல்களைப் பன்னெடுங்காலமாகத் தாங்கிவந்த பாறைகள் அவை. மேயும் உயிர்கள் இல்லாமல் போனதே அவற்றை வீழ்த்தியது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த பாறைகள் மனிதர் தந்த அடி, வெப்பம் தந்த அடி இரண்டையும் வாங்கியவை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னும் வெட்டுவது உடனே நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. பின்னர் வெட்டு ஓய்ந்து, பாறைகள் தேறிவந்த வேளையில் 2016-இன் வெப்பம் வந்தது. உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகச் சுருங்கியது. குருசடைத் தீவிலோ கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி உயிருள்ள பவளத்தின்மேலேயே போர்வையாகப் படர்கிறது.

எல்லாப் பவளமும் ஒரே அளவில் சாவதில்லை. கிளைவிட்டு வேகமாக வளரும் மான்கொம்புப் பவளம் முதலில் வெளிறி மடிகிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் உருண்டைப் பவளம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் மீன்குஞ்சுகளுக்கு ஒளிவிடம் தருபவை அந்தக் கிளைகள்தாம். அடுத்த வெப்பம் வர 10, 15 ஆண்டுகள் ஆனால் கிளைப்பவளம் திரும்ப வளர்ந்துவிடும். அந்த இடைவெளிதான் இப்போது கிடைப்பதில்லை: ஆஸ்திரேலியாவின் கிழக்கே உள்ள பெருந்தடுப்புப் பவளத்திட்டு 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 என அடுத்தடுத்துப் பெருமளவில் வெளிறியிருக்கிறது.

வெப்பத்தைத் தணிப்பது கரியமில வாயுவைக் குறைக்கும் நாடுகளின் கையில் இருக்கிறது. கழிவுநீரைத் தடுப்பதும், பாசி மேயும் கிளிமீனையும் ஓராவையும் கடலில் விட்டுவைப்பதும் அந்தந்தக் கரையிலேயே முடியும் காரியங்கள். தூத்துக்குடி அருகே கரைந்துவந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டிருக்கின்றன. வளைகுடாவில் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கும் பணியும் நடக்கிறது. நடுவதற்கு ஏற்றவை விரைந்து வளரும் கிளைப்பவளங்களே. வெப்பத்துக்கு முதலில் பலியாவதும் அவைதாம் என்பதால், முந்தைய வெளிறலில் பிழைத்த கூட்டங்களிலிருந்து துண்டு எடுப்பதே பயன் தரும்.