'குணமானார்' என்று எழுதியவர்கள்

திருநர் மனநலம் குறித்து நம் ஆய்வு வட்டத்தில் பல காலமாக ஒரு வழக்குத் தீராமல் கிடக்கிறது. உங்களில் பலர் இரு தரப்பு வாதத்தையும் கேட்டிருக்கிறீர்கள். மனச்சோர்வும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் இவர்களிடையே மிகுதி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பிறப்பில் குறித்த பாலை ஏற்க மறுக்கும் மனமே பிணியுற்ற மனம், துயரம் அதன் அறிகுறி என்கிறார்கள் என் நண்பர்கள் சிலர். அந்தத் துயரத்தின் பெரும்பகுதி பிறர் கையால் வந்தது, அதைப் பிணியின் அறிகுறியாகப் படிப்பது அடித்தவனை விட்டுவிட்டுக் காயத்தை விசாரிப்பதாகும் என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இன்று சான்றோடு வைக்கிறேன்.

முதற்சான்று மெல்பர்னிலேயே இருக்கிறது. அந்நகரின் கியூ பகுதியில் மேட்டு நிலத்தில் கோபுரங்களோடு நிற்கும் பழைய மனநலக் காப்பகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1871-இல் திறந்து 1988-இல் மூடிய அக்கட்டடம் இன்று குடியிருப்பு. இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்து, அதன் ஒரு பகுதி அலிகள் என்று அரசு முத்திரையிட்டவர்களைப் பெயர்ப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னதும் அதே 1871-இல்தான். 1879 செப்டம்பரில் பென்டிகோவிலிருந்து கியூவுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெயர் எட்வர்ட் டி லேசி எவன்ஸ். 1856-இல் எல்லன் என்ற பெயரில் கப்பலில் விக்டோரியாவுக்கு வந்திறங்கியவர். அதே ஆண்டில் ஆண் உடையும் ஆண் பெயரும் பூண்டு, ஏறத்தாழ 23 ஆண்டுகள் தங்கச் சுரங்க ஊர்களில் உடல் உழைப்பால் பிழைத்தார். மூன்று முறை மணம் செய்தார். மூன்றாம் மனைவிக்கு 1878-இல் பெண் குழந்தை பிறந்தது. அதன் தந்தை வேறொருவர். இந்தக் குடும்பக் குலைவை ஒட்டி எவன்ஸ் மனம் உடைந்தார். 1879 ஜூலையில் அவரைப் பென்டிகோ மருத்துவமனையின் மனநோயர் பிரிவில் சேர்த்தார்கள். அங்கே இருந்த ஆறு வாரமும் அவர் குளிக்க மறுத்தார். கியூவில் அந்த மறுப்புக்கு மதிப்பில்லை. ஆடையைக் களைந்து குளிப்பாட்டினார்கள், உடலைக் கண்டார்கள், பெண் என்று சொல்லி மீண்டும் பென்டிகோவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததை வரிசையாகப் பாருங்கள், என் வாதம் முழுதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. மருத்துவமனை அவருக்குப் பெண் உடை அணிவித்தது. உள்ளூர்ப் படப்பிடிப்பாளர் ஒருவர் அவரைப் படமெடுத்து விற்றார். செய்தி கடல் கடந்து நாளிதழ்களில் வந்தது. டிசம்பரில் அவர் குணமானார் என்று அறிவித்து வெளியே விட்டார்கள். எதிலிருந்து குணம்? குடும்பக் குலைவின் காயம் ஆறவில்லை, இழந்த பெயர் திரும்பவில்லை. மாறியது உடை ஒன்றே. வெளியே வந்தவர் ஜீலாங், ஸ்டாவெல் ஊர்களில் காட்சிப்பொருளாக மேடையேறினார். 1880-இல் மெல்பர்ன் மெழுகுச்சிலைக் கூடத்தில் காசு கொடுத்தவர்கள் அவரைப் பார்த்துப்போனார்கள். 1881-இல் குடியேறிகள் ஆதரவு இல்லத்தில் சேர்ந்து, 1901-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நோயாளி என்று பெயர் பெறுமுன் இருபதாண்டுக்கு மேல் தன் கூலியில் வாழ்ந்த மனிதர், குணமானபின் இருபதாண்டு பிறர் சோற்றை நம்பி வாழ்ந்தார். மருத்துவத்தின் கணக்குப்படியே பார்த்தாலும் எது நலம், எது நோய்? இங்கே ஒரு சிறு குறிப்பு: எவன்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆண்பாலா பெண்பாலா என்று ஒவ்வொரு வரியிலும் தடுமாறுகிறார்கள். தமிழில் 'அவர்' என்ற சொல் அந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்துவிடுகிறது. அப்படிப்பட்ட மொழிக்குரிய நாமும் வீட்டுக்குள் 'அது' என்று சொல்லத் துணிகிறோமே என்பது என் ஆற்றாமை.

நண்பர்களின் மறுப்பு எனக்குத் தெரியும்: உடல் வெளிப்படுமுன்பே எவன்ஸ் நோயுற்றாரே, அதற்கு என்ன சொல்கிறாய்? உண்மை, மறைக்கவில்லை. ஆனால் அவரை உடைத்தது எந்தக் கணவனையும் உடைக்கக்கூடிய அடி. வேறொரு சுரங்கத் தொழிலாளி அந்த அடியால் மனநோயர் பிரிவுக்குப் போயிருந்தால், அவனை உடை மாற்றிக் குணப்படுத்தலாம் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எவன்ஸ் விஷயத்தில் மட்டும் உண்மையான துயரத்தை ஓரம் வைத்துவிட்டு அடையாளத்துக்கு மருந்து கொடுத்தார்கள். குளிக்க மறுத்ததையும் நோய்க்கூறாகக் கொள்ளத் தேவையில்லை. குளியல் தன்னிடமிருந்து எதைப் பறிக்கும் என்று அவர் சரியாகவே அறிந்திருந்தார்.

ஒருவர் கதை சான்றாகாது என்பது அடுத்த மறுப்பு. மெக்சிகோ நகரில் திருநர் 250 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியையே நேராகக் கேட்டது: துயரத்தையும் செயல்முடக்கத்தையும் முன்னறிவிப்பது பால் முரண்பாடா, புறக்கணிப்பும் வன்முறையுமா? பின்னவையே வலுவாக முன்னறிவித்தன. அத்தகைய ஆய்வுகளையும் கருதி உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் பால் முரண்பாட்டை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. சரி, ஆஸ்திரேலியாவில் சட்டம் துணை நிற்கிறதே, இங்கும் ஏன் இத்தனை துயரம் என்பார்கள். அவர்கள் காட்டும் எண் 2017-இல் வெளியான இளையோர் ஆய்விலிருந்து வருவது: 14 முதல் 25 வயதுவரை 859 பேர், அவர்களில் 48.1 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் உயிரை மாய்க்க முயன்றவர்கள். அறுவை மருத்துவமின்றிப் பிறப்புச் சான்றில் பாலை மாற்ற விக்டோரியா வழிசெய்தது 2020 மே மாதத்தில். அடையாளத்தை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் வற்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2022 பிப்ரவரியில். சட்டம் வருமுன் எடுத்த எண்ணை வைத்துச் சட்டம் பயனற்றது என்று வாதிடுவது முறையாகாது. மேலும் அந்த ஆய்வே குடும்ப ஆதரவின்மையையும் பள்ளித் தொல்லையையும் துயரத்தோடு சேர்த்துக் காட்டுகிறது. வீட்டுக் கதவுக்குள் சட்டம் மெதுவாகத்தான் நுழைகிறது, புலம்பெயர்ந்த தமிழ் வீட்டில் இன்னும் மெதுவாக.

ஒன்றை நண்பர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்: எல்லாத் துயரமும் சமூகம் தந்ததன்று. தன் உடலே தனக்கு ஒவ்வாத வேதனை தனியறையிலும் இருக்கும். ஆனால் அதற்குக்கூட அடையாளத்தை அடக்குவது மருந்தாகவில்லை. 2023-இல் வெளியான மெல்பர்ன் ஆய்வு 64 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தது, மறு பாதியை மூன்று மாதம் காத்திருக்க வைத்தது. உடனே பெற்றவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தெளிவாகக் குறைந்தன. சிறிய ஆய்வு, குறுகிய காலம். என்றாலும் காத்திருப்பே ஒரு கேடு என்று அது சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டுக்குச் சில சொற்கள். திருநங்கையர் கூடும் கூவாகத் திருவிழாவைக் காட்டி நம் மரபு இவர்களை மதித்தது என்று மேடையில் பேசுவோர், 2006-இல் வியாசர்பாடிக் காவல் நிலையத்தில் சித்திரவதைக்குப் பின் தீக்காயங்களால் இறந்த திருநர் ஒருவரின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்ததையும் சேர்த்துப் பேசவேண்டும். 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த முன்னோடி மாநிலமும் தமிழ்நாடுதான். 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பால் அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வோர்மீது நடவடிக்கை வேண்டும் என்று ஆணையிட்டதும், அதற்குமுன் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து கற்றதும் நம் மருத்துவ நண்பர்கள் படிக்கவேண்டிய பக்கங்கள். இலங்கையில் 2016 முதல் பால் ஏற்புச் சான்றிதழ் உண்டு. ஆனால் அதற்கும் மனநல மருத்துவரின் கையெழுத்து வேண்டும். கியூவின் நிழல் அங்கும் விழுகிறது.

நேரமாகிவிட்டது, இனிச் செய்யவேண்டியவற்றைத் தொட்டுக்காட்டி விடுகிறேன். ஆஸ்திரேலியத் தமிழ்க் குடும்பங்களில் வளரும் திருநர் இளையோரைத் தனியே கேட்ட ஆய்வு வேண்டும். பெற்றோரையும் தமிழிலேயே கேட்கவேண்டும். திருநம்பிகள் பற்றி நம்மிடம் எழுத்து மிகக் குறைவு. தமிழக அரசு 2022-இல் பால் அடையாளங்கள் குறித்து வெளியிட்ட சொற்பட்டியலை இங்குள்ள மொழிபெயர்ப்பாளர்களும் மருத்துவமனைகளும் கையில் வைத்திருக்கவேண்டும். கியூவின் பழைய நோயாளர் பதிவேடுகளில் எவன்ஸைப் போல வேறு எவரெவர் 'குணமானார்கள்' என்று யாராவது ஓர் இளைய ஆய்வாளர் தேடவேண்டும். அதே ஆண்டுகளின் சென்னை மனநலக் காப்பகப் பதிவேடுகளையும் உடன் வைத்துப் பார்க்கலாம்.