காது யாருடையது?

(இசைத்தட்டு ரசிகர்கள் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



மாதம் ஒருமுறை கூடி, அவரவருக்குப் பிடித்த ஆல்பம் இன்னது, இப்பொழுது கேட்டுவருவது இன்னது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இக்கூட்டத்தில், நம்மையும் நாலு வார்த்தை பேசும்படி கேட்டதற்கு வந்தனம் செலுத்துகின்றோம். நமக்குச் சங்கீத ஞானம் உண்டென்று எண்ணி அழைத்திருப்பீர்களானால் ஏமாந்துதான் போவீர்கள். சுரம் இது, தாளம் இது என்று பிரித்துச் சொல்லும் வித்தை நம்மிடம் கிடையாது. ஆனால் காது இருக்கின்றது; கேட்டதைப்பற்றி யோசிக்கக் கொஞ்சம் அறிவும் இருக்கின்றது. பாட்டைப்பற்றி ஒரு மனிதன் அபிப்பிராயம் சொல்ல இவ்விரண்டுக்கு மேல் வேறு யோக்கியதை வேண்டுமா என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

நமக்கு முன் பேசியவர்கள் அமெரிக்க, ஆங்கில ஆல்பங்களைப்பற்றி மிகவும் ஆசையோடு பேசினார்கள். முதலில் எழுந்த பெரியவர் இருவரும் நாலைந்து பெயர் சொன்னார்கள். பின்னால் வந்த பத்துப் பதினைந்து பேரும் ஏறக்குறைய அதே நாலைந்து பெயரையே சொன்னார்கள். மில்லில் வேலை செய்யும் ஒரு வாலிபரும் அதையே சொல்லி உட்கார்ந்தார். பிறகு டீ குடிக்கும்போது அவரிடம் விசாரித்தோம். "அதை முழுசாகக் கேட்டதே இல்லை, ஐயா. நான் தினமும் கேட்பது எங்கள் ஊர் நையாண்டி மேளம். கைபேசியில் பிடித்து வைத்திருக்கின்றேன். அதை இங்கே சொன்னால் சிரிப்பார்களே!" என்றார்.

தோழர்களே! அந்த வாலிபர் பொய் சொல்லிவிட்டார் என்று நாம் குறை கூறவில்லை. தன் காதில் விழுந்து தன் மனத்துக்கு இன்பம் தந்த ஒன்றைச் சொல்ல ஒரு மனிதனுக்கு வெட்கம் உண்டாகுமானால், குற்றம் யாருடையது? வெட்கப்படும்படி செய்து வைத்திருக்கிற நம்முடையதல்லவா? சம்பளத்துக்காக ஒருவனிடம் தலை குனிவதையாவது வயிற்றுக் கொடுமை என்று சொல்லலாம். பாட்டுக் கேட்பதிலும் தலை குனிவதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஆல்பம் என்னும் பெயர்

முதலில், ஆல்பம் ஆல்பம் என்கின்றோமே, அது என்ன என்று பார்ப்போம். அந்தக் காலத்துக் கிராமபோன் பிளேட் நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷந்தான் பாட்டு அடங்கும். நீண்ட சங்கீதமானால் பல தட்டுகள் வேண்டும். அவைகளைப் போட்டோ ஒட்டும் புஸ்தகம் போல உறைகள் தைத்த ஒரு கட்டில் வைத்து விற்றார்கள். அதனால்தான் ஆல்பம் என்று பெயர் வந்தது. 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியார் நிமிஷத்துக்கு 33 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும் நீண்ட தட்டை வெளியிட்டார்கள். பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. கட்டுப் போய் ஒரே தட்டாகியும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1982-இல் சிறிய காம்பாக்ட் தட்டு வந்ததும் 70 நிமிஷத்துக்கு மேல் இடம் கிடைத்தது. இப்பொழுதோ தட்டே இல்லாமல் கைபேசியில் கேட்கின்றோம். ஸ்பாடிபை என்னும் கம்பெனி ஒருவர் 30 விநாடி கேட்டால்தான் அதை ஒருமுறை கேட்டதாகக் கணக்கில் எழுதுகின்றது.

ஆகவே, 40 நிமிஷம் என்பது சங்கீதத்தின் இயற்கையல்ல; மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் அடங்கிய அளவு. அந்த அளவைக் கெட்டிக்காரர்கள் நன்றாகவே உபயோகித்தார்கள். 1971-இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில் ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்தது தொடங்கி, யுத்தத்திலிருந்து திரும்பிய ஒரு கறுப்பு மனிதனின் மனம் முழுவதும் ஒரே பேச்சாக ஓடுகின்றது. அதை முழுசாகக் கேட்பதே சரி. ஆனால் தனிப் பாட்டுக் கேட்பவன் தாழ்ந்தவன், முழு ஆல்பம் கேட்பவன் உயர்ந்தவன் என்று இங்கு ஒரு நண்பர் சொன்னாரே, அதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. 78 சுற்றுத் தட்டில் 3 நிமிஷமாகக் கேட்டவர்களெல்லாம் காதில்லாதவர்களா?

ஜாபிதா செய்யும் வேலை

அடுத்தபடியாக, "உலகத்தில் சிறந்த 500 ஆல்பங்கள்" என்னும் ஜாபிதாவை ஒருவர் பிரமாணமாக எடுத்துக் காட்டினார். அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை 2003-இல் வெளியிட்டபோது முதல் இடம் பீட்டில்ஸ் கோஷ்டியாரின் 1967-ஆம் வருஷத்து 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு. 2012-இல் திருத்திப் போட்டபோதும் அதற்கே. 2020-இல் புதிதாக ஓட்டு வாங்கினார்கள். முதல் இடம் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்துக்குப் போய்விட்டது. 'சார்ஜண்ட் பெப்பர்' 24-ஆம் இடத்துக்கு இறங்கிற்று. ஜோனி மிட்செல் என்னும் அம்மையாரின் 'ப்ளூ' 30-ஆம் இடத்திலிருந்து 3-க்கு ஏறிற்று. லாரின் ஹில் என்னும் கறுப்பு அம்மையார் 1998-இல் வெளியிட்ட ஆல்பம் 300-க்கும் கீழே கிடந்து, 10-ஆம் இடத்துக்கு வந்தது.

இந்தப் பதினேழு வருஷத்தில் அந்தத் தட்டுகளில் ஒரு சுரமாவது மாறிற்றா? இல்லை. ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள். அவ்வளவுதான். ஓட்டுக்காரர் மாறினால் வரிசை மாறும் என்றால், அது ஓட்டுக்காரரின் ருசியைக் காட்டுமேயொழியத் தட்டின் தரத்தை நிறுத்துக் காட்டும் தராசாகுமா?

இதில் இன்னொரு சங்கதி உண்டு. 1920-களில் அமெரிக்கக் கம்பெனிகள் கறுப்பு மக்கள் பாடிய தட்டுகளை 'இனத் தட்டுகள்' என்று தனி ஜாபிதாவில் போட்டு விற்றன. பில்போர்டு என்னும் வியாபாரப் பத்திரிகை 1949-இல்தான் அப்பெயரை விட்டு 'ரிதம் அண்டு ப்ளூஸ்' என்று மாற்றிற்று. பாடியவன் தோலைப் பார்த்துப் பாட்டுக்குத் தனி அலமாரி! பாட்டைக் கேட்குமுன்பே அதன் இடம் நிச்சயமாகிவிடுகின்றது. நம் நாட்டார்க்கு இந்த வித்தை புதிதாகத் தோன்றாது.

ஒரு பரீட்சை

"பலபேர் நல்லதென்று சொல்வது பொய்யாகுமா?" என்று கேட்கலாம். இதை வாயால் வாதாடாமல் பரீட்சை செய்தே பார்த்திருக்கின்றார்கள். அமெரிக்காவில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூன்று ஆராய்ச்சிக்காரர்கள் 2006-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத கோஷ்டிகளின் 48 பாட்டுகளை 14,341 பேருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பகுதியாருக்குப் பாட்டின் பெயரும் கோஷ்டியின் பெயரும் மட்டுமே தெரியும். மற்றவர்களை 8 தனித்தனி உலகமாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் முன்வந்தவர்களில் எத்தனை பேர் எந்தப் பாட்டை எடுத்தார்கள் என்னும் எண்ணிக்கையையும் காட்டினார்கள்.

நடந்தது என்ன? எண்ணிக்கை தெரியாதவர்களிடம் 26-ஆம் இடம் பெற்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலாவதாக வந்தது. இன்னோர் உலகத்தில் 40-ஆவதாகப் போயிற்று! பாட்டு அதே பாட்டு. கேட்டவர்களும் ஒரே மாதிரியான மனிதர்கள். முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்களோ அதைப் பின்வந்தவர்களும் தொட்டார்கள். எண்ணிக்கையை எவ்வளவுக்கெவ்வளவு பெரிதாகக் காட்டினார்களோ அவ்வளவுக்கவ்வளவு ஏற்றத்தாழ்வும் பெருகிற்று.

பிறகு 2008-இல் வெளியான இன்னொரு பரீட்சையில், எண்ணிக்கையைத் தலைகீழாக்கி, கடைசிப் பாட்டை முதலாவது என்று பொய்யாகக் காட்டினார்கள். பொய்யாக ஏற்றிய பல பாட்டுகள் மெய்யாகவே ஏறின. ஆனால் மிக நல்ல பாட்டுகள் நாளடைவில் மறுபடி மேலே வரத் தொடங்கின. பொய் சொன்ன உலகத்திலோ மொத்தத்தில் ஜனங்கள் பாட்டு எடுத்துக்கொள்வதே குறைந்து போயிற்று. இங்கு முதலில் பேசிய பெரியவர் இருவரும், பின்னால் பேசிய பதினைந்து பேரும் இப்பொழுது உங்கள் ஞாபகத்துக்கு வருகின்றார்களா?

வியாபாரியின் அபிப்பிராயம்

சரி, விற்பனையை நம்பலாமா? மார்வின் கேயின் அந்தப் பாட்டைக் கம்பெனி முதலாளிக்குப் பிடிக்கவில்லை. அது வெளிவந்தாலொழிய வேறு பாட்டுப் பாடமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்ற பிறகே வெளிவந்தது. வந்ததும் ஏராளமாக விற்றது. நிக் டிரேக் என்னும் ஆங்கில வாலிபர் மூன்றே ஆல்பம் வெளியிட்டு, வாங்குவாரில்லாமல் 1974-இல் 26 வயதில் இறந்தார். 1999-இல் ஒரு மோட்டார் கார் விளம்பரத்தில் அவருடைய 'பிங்க் மூன்' பாட்டு ஒலித்தது. உடனே ஜனங்கள் அந்த ஆல்பத்தைத் தேடித் தேடி வாங்கினார்கள். 1972-இல் வந்த தட்டு 27 வருஷம் கழித்து நல்ல தட்டாகிவிட்டதா? கார் விற்பவன் சொன்ன பிறகுதான் காது திறந்ததா? பாடியவருக்கு அதில் என்ன பயன்?

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா?

"உயர்வு தாழ்வே கிடையாது, எது வேண்டுமானாலும் நல்ல பாட்டு என்கிறீரா?" என்று உங்களில் சிலர் கேட்பது நமக்குத் தெரிகின்றது. அப்படிச் சொல்லவில்லை. மேலே சொன்ன பரீட்சையிலேயே மிக நல்ல பாட்டுகள் மிகவும் கீழே போனது அபூர்வம்; மிக மோசமானவை மேலே வந்ததும் அபூர்வம். வித்தியாசம் உண்டு. அதைப் பெயராலும் எண்ணிக்கையாலும் காட்டாமல், காரணத்தால் காட்டுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

ஓர் உதாரணம் பாருங்கள். மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'கைண்ட் ஆப் ப்ளூ' ஜாஸ் ஆல்பத்தைக் குறையே இல்லாதது என்று உலகமெங்கும் கொண்டாடினார்கள். ஆனால் முதல் பக்கத்துப் பாட்டுகளைப் பதிவு செய்த யந்திரம் அன்று சற்று மெதுவாக ஓடிவிட்டது. ஆகையால் தட்டில் சுருதி கொஞ்சம் ஏறியே ஒலித்தது. 1990-களில் வெளியான மறுபதிப்பில்தான் அதைச் சரி செய்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சுருதி தவறிய பக்கத்தையே நேர்த்தியின் சிகரம் என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இதனால் அந்த ஆல்பம் மட்டமாகிவிடாது. இன்றும் நல்ல ஆல்பந்தான். ஆனால் சுருதி சேர்ந்த ஒரு பியானோவைப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்தவனுக்குத் தெரியக்கூடிய ஒரு விஷயம், வெறும் புகழ்ச்சியில் மூழ்கியவனுக்குத் தெரியாது. படித்தவர் அபிப்பிராயத்துக்கு மதிப்பு எங்கே இருக்கின்றதென்றால், நாமும் போட்டுக் கேட்டு ஒத்துப் பார்க்கும்படியான ஒன்றை அவர் சுட்டிக்காட்டும் இடத்தில்தான் இருக்கின்றது.

இனி, ரசிகர் சண்டையைப்பற்றி ஒரு வார்த்தை. எனக்குப் பிடித்த பாடகனை நீ குறை சொல்லிவிட்டாய் என்று, பத்து வருஷத்துச் சிநேகிதர் இருவர் பேச்சை நிறுத்திவிட்டதாக இங்கே கேள்விப்பட்டோம். எந்தப் பாடகனுக்காகச் சண்டையோ அவனுக்கு இவர்கள் உயிரோடிருப்பதுகூடத் தெரியாது! ஒருவன் பாட்டு நன்றாயிருக்கின்றது என்றால் கேட்டு அனுபவியுங்கள். அதற்காக அவனுக்கு அடிமைச் சீட்டு எழுதிக் கொடுப்பானேன்? அவனே அடுத்த ஆல்பத்தை மோசமாகச் செய்தால், மோசம் என்று சொல்லும் உரிமையை ஏன் விற்றுவிடுகின்றீர்கள்?

என்ன செய்யலாம்?

ஆகவே இக்கூட்டத்தாருக்கு நாம் சொல்லிக்கொள்வது நாலு காரியம். முதலாவது, யாரும் வாய் திறக்குமுன் ஒவ்வொருவரும் தாம் இப்போது மெய்யாகக் கேட்டுவருவதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். பிறகு படியுங்கள், ஜாபிதா எவ்வளவு மாறுகின்றதென்று பாருங்கள். இரண்டாவது, பெரியவர்கள் கடைசியில் பேசட்டும். இன்று ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாத பெண்களும், புதிதாக வந்தவர்களும் முதலில் பேசட்டும். மூன்றாவது, "அற்புதம்", "தெய்வீகம்" என்று சொல்லி உட்காராமல், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்ன நடக்கின்றது, அது ஏன் பிடிக்கின்றது என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்த இடத்தைப் போட்டே காட்டுங்கள். நாலாவது, போன மாதம் பிடித்தது இந்த மாதம் பிடிக்காவிட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். 500 ஆல்பத்தின் வரிசையை ஒரு பெரிய பத்திரிகையே மாற்றும்போது, நீங்கள் மாற்றக்கூடாதா?

அந்த மில் வாலிபர் அடுத்த மாதம் தம் ஊர் மேளத்தை இங்கே போட்டுக் காட்டவேண்டும். தவில் எங்கே ஓட்டம் பிடிக்கின்றது, நாதஸ்வரம் எங்கே அதைத் தொடர்கின்றது என்று அவர் சொல்லட்டும். மைல்ஸ் டேவிஸைக் கேட்டுப் பழகிய உங்கள் காது அதையும் கேட்கட்டும். பிடிக்காவிட்டால் காரணத்தோடு பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அதில் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. கேளாமலே சிரிப்பதுதான் அவமானம், அதுவும் சிரிப்பவனுக்கு.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தத் தட்டுகளை வீட்டில் போட்டுக் கேட்டு, உங்கள் காதுக்கும் புத்திக்கும் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.