மிருதங்கத்தின் சுருதி ஒப்பு

மிருதங்க மேதை மணி ஐயரின் (1912–1981) பெயரோடு இணைந்தது பாலக்காடு. அதனையடுத்த பெருவெம்பு, தோற்கருவி செய்வோருக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே வாங்கிய மிருதங்கமும், மழைக்காலத்தில் ஒருபுறம் கணீரென்றும் மறுபுறம் மந்தமாகவும் ஒலிப்பதுண்டு. உடனே, பயிலும் பிள்ளையின் விரலைக் கடிந்துகொள்கிறோம். அது தகாது; ஈரத்தால் தோல் தளர்வதே பெரும்பாலும் காரணம்.

வலந்தலையை விளிம்பு நெடுக விரலால் தட்டிக் கேட்போம். சுருதி தாழ்ந்த இடத்தில், விளிம்புப் பின்னலின்மேல் சிறு மரக்கட்டையை வைத்து, கருவியின் உடலை நோக்கிக் கல்லால் மெல்லத் தட்டினால் தோல் இறுகும். சுருதி மிகுந்த இடத்தில் எதிர்த்திசையில் தட்டினால் தளரும். கரணையின்மீது கல் படலாகாது. ஓரிடத்தைத் திருத்தினால் பிற இடங்களும் சற்றே மாறுமாதலின், பொறுமையுடன் மீண்டும் ஒருமுறை சுற்றிவருதல் வேண்டும்.

முதலில் கருவியைச் சீர்செய்வோம். கையின் குறையைப் பிறகு ஆராய்வோம்.