கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு: அமெரிக்கக் கால்பந்தும் 'திறமை' என்கிற சொல்லும்



விளையாட்டும் சமூகநீதியும் என்று தலைப்புக் கொடுத்ததும் நான் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவேன் என்று பலர் நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கக் கால்பந்து. நம் ஊரில் கால்பந்து என்றால் நினைவுக்கு வரும் விளையாட்டு அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள். அங்குள்ள தொழில்முறைக் கூட்டமைப்பின் பெயர் என்.எஃப்.எல். மொத்தம் 32 அணிகள். நான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ரசிகன். பேச்சில் எங்காவது சாய்வு தெரிந்தால் அதுதான் காரணம்.

இந்த விளையாட்டில் ஆட்டத்தைவிட எனக்கு அதிகம் பிடித்தது, அணியைக் கட்டும் வேலை. ஐ.பி.எல்.லில் ஏலம் நடக்கிறது, கேட்ட விலைக்கு வீரர் போகிறார். என்.எஃப்.எல்.லில் கல்லூரியிலிருந்து வரும் புதிய வீரர்களுக்கு ஏலம் கிடையாது. டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். அணிகள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது ஏழு சுற்றுகள். அந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. போன ஆண்டு கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பையை வென்ற அணிக்கு 32ஆவது வாய்ப்பு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'நன்றாக ஆடிய அணியைத் தண்டிக்கிறீர்களே, இது திறமைக்குச் செய்யும் துரோகம் இல்லையா' என்று கேட்டு அங்கே யாரும் தெருவுக்கு வந்ததில்லை. பின்தங்கியவருக்கு முன்னுரிமை கொடுத்தால்தான் போட்டி போட்டியாக இருக்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதைக் கண்டுபிடித்தவர் புரட்சியாளர் ஒன்றும் இல்லை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி பெர்ட் பெல். பணக்கார அணிகள் நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, இவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 1935இல் இந்த யோசனையைச் சொன்னார், 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது.

உடனே 'அப்படியானால் இதுவும் ஒரு இடஒதுக்கீடுதானே' என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். டிராஃப்ட் தருவது முதலாளிகளுக்கு இடையிலான சமத்துவம். வீரருக்கு அதில் ஒரு சொல் கிடையாது. எந்த ஊர், எந்த அணி என்று அவர் தேர்ந்தெடுக்க முடியாது. புது வீரரின் சம்பளத்துக்கும் 2011 ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ நிர்ணயமான அளவு வந்துவிட்டது. முதலாளிகளுக்குள் சமத்துவத்தை எழுதி வைத்த இந்தக் கூட்டமைப்பில்தான், 1934 முதல் 1945 வரை கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லை. யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். எழுதாத விதி எவ்வளவு உறுதியாக வேலை செய்யும் என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தடைக்கு முன் 1933இல் கடைசியாக ஆடிய இருவரில் ஒருவரான ரே கெம்ப் பிட்ஸ்பர்க் அணிக்காரர். ஆக என் அணியும் அந்தக் கூட்டில் இருந்தது.

வரிசை இருக்கட்டும், தேர்ந்தெடுக்கும் கண் எப்படி இருந்தது?

அணிகள் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. ஸ்கவுட் எனப்படும் ஆட்கள் கல்லூரி கல்லூரியாகப் போய் ஓட்டத்தை அளக்கிறார்கள், உயரத்தை அளக்கிறார்கள், உள்ளங்கையைக்கூட அளக்கிறார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் என்கிற அறிவுத்தேர்வை 2022 வரை வைத்திருந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு என்ன கிடைக்கிறது? கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் டிராஃப்ட் விவரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். தேலர் பிறகு நோபல் பரிசு பெற்றவர். ஓர் ஆட்டநிலையில் முதலில் எடுக்கப்பட்டவர், அதே நிலையில் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு, காசு சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றுத்தான் அதிகம் என்று கண்டார்கள். முன்வரிசை வாய்ப்புகளுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் முடிவு.

உதாரணம் வேண்டுமா? சான் ஃபிரான்சிஸ்கோ அணி 2021இல் 12ஆம் இடத்திலிருந்து 3ஆம் இடத்துக்கு ஏறுவதற்காக மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து ட்ரே லான்ஸ் என்கிற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. குவார்ட்டர்பேக் என்றால் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், அணியின் மூளை என்பார்கள். அந்த அணிக்காக அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நான்கே ஆட்டங்கள். மறு ஆண்டு, மொத்த டிராஃப்டின் கடைசி வாய்ப்பில், 262ஆவது ஆளாக, பிராக் பர்டி என்பவரை எடுத்தார்கள். அவர்தான் 2024 பிப்ரவரியில் அந்த அணியை சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் வழிநடத்தினார். ரசிகனாக என் கருத்து இதுதான்: ஒருவரே மகாத்மா என்று நம்பி எல்லாவற்றையும் அடகு வைக்காதே. பின்னால் இறங்கு, வாய்ப்புகளைப் பெருக்கு, பலரைப் பார். உன் கணிப்பில் உனக்கே அவநம்பிக்கை இருக்க வேண்டும்.

'கட்-ஆஃபில் அரை மதிப்பெண் குறைந்தவன் டாக்டர் ஆகலாமா' என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு இந்த அவநம்பிக்கை துளியும் இருப்பதில்லை. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தகுதியை அளக்க முடியாது என்று 2022 ஜனவரியில் நீட் முதுநிலை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் அப்படித்தான்.

கண் பழுதானால் வரிசை என்ன செய்யும் என்பதற்கு வாஷிங்டன் அணியைப் பாருங்கள். அதன் முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் வெளிப்படையான இனவாதி. மற்ற அணிகள் எல்லாம் மாறிய பிறகும் கறுப்பின வீரரைச் சேர்க்க மறுத்தார். 1961இல் அவர் அணி ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று 12 ஆட்டங்களில் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டும் ஒரே வெற்றிதான். தோற்றால் முதல் வாய்ப்பு கிடைக்கும் இல்லையா? கிடைத்தது. ஆனால் பட்டியலில் பாதிப் பேரைப் பார்க்கவே மாட்டேன் என்பவனுக்கு முதல் வாய்ப்பு கிடைத்து என்ன ஆகும்? 'பாகுபாடு நஷ்டத்தைத் தரும், ஆகவே சந்தையே அதைத் திருத்திவிடும்' என்று பாடம் நடத்துபவர்கள் மார்ஷலுக்கு விடை சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்காகத் தோற்றார், திருந்தவில்லை. அவரைப் பணியவைத்தது இரண்டு. மைதானத்தின் முன் நடந்த மறியல் ஒன்று. அந்தப் புதிய மைதானம் ஒன்றிய அரசின் நிலத்தில் இருந்ததால், கென்னடி அரசின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் விடுத்த எச்சரிக்கை மற்றொன்று. பணிந்த மார்ஷல் முதல் வாய்ப்பில் எர்னி டேவிஸை எடுத்து, அவரைக் கிளீவ்லேண்டுக்குக் கொடுத்து, பாபி மிட்செலை வாங்கினார். 1962இல் பந்தைப் பிடித்து அதிக யார்டு சேர்த்தவர் அந்தக் கூட்டமைப்பிலேயே மிட்செல்தான். அணியின் வெற்றி ஒன்றிலிருந்து ஐந்தானது.

இப்போது என் அணிக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் வந்தேன்.

1969இல் ஸ்டீலர்ஸ் ஒரு வெற்றி, 13 தோல்வி. சிகாகோவும் அதே கணக்கு. காசு சுண்டியதில் முதல் வாய்ப்பு எங்களுக்கு விழுந்தது, டெர்ரி பிராட்ஷா என்கிற வெள்ளைக்கார குவார்ட்டர்பேக் வந்தார். கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள் பலர். உண்மையில் அணியைக் கட்டியதில் பெரும்பங்கு பில் நன் என்கிற பத்திரிகைக்காரருடையது. 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின மக்களின் ஏட்டில் விளையாட்டுப் பக்கத்தை நடத்தியவர். வெள்ளையர் கல்லூரிகளின் கதவு மூடியிருந்த காலத்தில் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று உருவான கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ஆடுபவர்களில் சிறந்த அணி எது என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுவார் நன். அந்தப் பயிற்சியாளர்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம். ஸ்டீலர்ஸ் நம் மக்களைக் கண்டுகொள்வதே இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தவரை, முதலாளியின் மகன் டேன் ரூனி 1960களின் பிற்பகுதியில் ஸ்கவுட்டாகச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு வந்த பெயர்களைக் கேளுங்கள். 1970இல் மூன்றாம் சுற்றில் மெல் பிளவுண்ட். 1971இல் எட்டாம் சுற்றில் எர்னி ஹோம்ஸ். 1974இல் நான்காம் சுற்றில் அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியின் ஜான் ஸ்டால்வர்த். எல்லோரும் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். ஸ்டால்வர்த் பற்றி ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பல அணிகளின் ஸ்கவுட்டுகள் ஈரத் தரையில் அவரை ஓடவிட்டு, வேகம் போதாது என்று குறித்துக்கொண்டு கிளம்பினார்கள். உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிப் பின்தங்கிய நன், மறுநாள் காய்ந்த தரையில் மறுபடி ஓடவிட்டு அளந்தார். அளவுகோல் ஒன்றுதான், தரைதான் வேறு. 1974இல் 17 சுற்றுகள் நடந்தன. அத்தனை சுற்றிலும் எந்த அணியும் எடுக்காத டானி ஷெல் என்பவரையும் தென் கரோலினா மாநிலக் கல்லூரியிலிருந்து கூட்டிவந்தார்கள். அந்த ஒரு டிராஃப்டில் எடுத்தவர்களில் நான்கு பேர் இன்று புகழ்மன்றத்தில் இருக்கிறார்கள். ஷெல்லும் இருக்கிறார். ஆறு பருவங்களில் நான்கு சூப்பர் பௌல்.

இந்தக் கதையை 'பன்முகத்தன்மை லாபம் தரும்' என்கிற கார்ப்பரேட் பாடமாக மாற்றிவிடாதீர்கள். நன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த வீரர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், கறுப்பின ஏடுகள் அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டேதான் இருந்தன. தேர்வு அறையில் அதைப் படிப்பவர் ஒருவரும் இல்லாமல் இருந்தது. ஆய்வு மாணவர் சேர்க்கை நேர்காணலுக்குப் போய் வந்த தோழர்களுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

என் அணிக்கும் எல்லை இருந்தது. 1974 தொடக்கத்தில் ஜோ கில்லியம் என்ற கறுப்பின குவார்ட்டர்பேக்கை இறக்கினார்கள். ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி, ஒரு சமநிலை, ஒரு தோல்வி. அதோடு உட்காரவைத்து பிராட்ஷாவைக் கொண்டுவந்தார்கள். கடைசி ஆட்டங்களில் கில்லியம் தடுமாறினார் என்பது உண்மைதான். ஆனால் பிராட்ஷா தன் முதல் ஆண்டுகளில் தடுமாறியபோது அவருக்குக் கிடைத்த பொறுமை இவருக்குக் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மூளை வேலை நமக்கு, ஓடுகிற வேலை அவர்களுக்கு. இந்தப் பிரிவினையை எங்கோ கேட்டது போலிருக்கிறதா? 1978இல் வாரன் மூன் பெரிய கல்லூரிப் போட்டியான ரோஸ் பௌலை வென்று வந்தார். வேறு நிலைக்கு மாறினால் பார்க்கலாம் என்றார்கள், அவர் மறுத்தார். 12 சுற்றுகளிலும் யாரும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியில் தொடர்ந்து ஐந்து கோப்பைகள் வென்றுவிட்டுத் திரும்பிவந்தார். 2018இல்கூட, லமார் ஜாக்சன் பந்து எறிவதை விட்டுவிட்டுப் பந்து பிடிப்பவராக மாற வேண்டும் என்றார் பில் போலியன் என்கிற பழுத்த நிர்வாகி. நான்கு குவார்ட்டர்பேக்குகளுக்குப் பிறகு 32ஆவது ஆளாக பால்டிமோர் அவரை எடுத்தது. மறு ஆண்டே, வாக்களித்த எல்லோரும் அவரையே ஆண்டின் சிறந்த வீரர் என்றார்கள். ஸ்டீலர்ஸுக்கு 28ஆவது வாய்ப்பு இருந்தது. பில் நன்னை வேலைக்கு வைத்த அணி ஜாக்சனைத் தாண்டிப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. போதாக்குறைக்கு அவர் போய்ச் சேர்ந்தது எங்கள் பரம எதிரியிடம்.

வீரர்களில் பாதிக்கு மேல் இன்று கறுப்பினத்தவர். பயிற்சியாளர் நாற்காலியில் அவர்கள் சிலர்தான். அதற்காக 2003இல் ஒரு விதி வந்தது, டேன் ரூனியின் பெயரிலேயே. தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கும்முன் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்று அப்போது அது சொன்னது. நேர்காணல் மட்டும்தான் கட்டாயம், நியமனம் இல்லை. ஆளை முன்பே முடிவு செய்துவிட்டுக் கணக்குக் காட்டக் கூப்பிடுகிறார்கள் என்று பிரையன் ஃபுளோரஸ் 2022இல் வழக்குப் போட்டார். இடையில் 2020இல் இன்னொரு விதி வந்தது. உன்னிடம் வளர்ந்த சிறுபான்மையினர் வேறு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனால், உனக்கு இரண்டு ஆண்டுகள் மூன்றாம் சுற்றில் கூடுதல் வாய்ப்பு. வளர்த்தவருக்குப் பரிசு சரி, ஏமாற்றுபவருக்கு என்ன?

என்னைக் கேட்டால், டிராஃப்ட் வாய்ப்பைப் பறிக்க வேண்டும். அது ஒன்றும் புதிதில்லை. பந்தில் காற்றைக் குறைத்து ஆடினார்கள் என்று சொல்லி நியூ இங்கிலாந்து அணியின் 2016 முதல் சுற்று வாய்ப்பைப் பறித்து, பத்து லட்சம் டாலர் அபராதமும் போட்டார்கள். சிறுபான்மையினர் ஒருவரையும் நேர்காணல் செய்யாமல் பயிற்சியாளரை நியமித்ததற்காக 2003இல் டெட்ராய்ட் அணியின் தலைவருக்குப் போட்ட அபராதம் இரண்டு லட்சம் டாலர். டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றுகூடப் போகவில்லை.